துடைக்கக் கூடாத அழுக்கு

புதிதாக இருக்கும்வரை அது பொம்மை, அழுக்கானால்தான் விமானம். இது தெரியாதவர்கள்தான் மாதிரி விமானப் பெட்டியை வாங்கி, பாகங்களை ஒட்டி, பளபளவென்று வண்ணம் அடித்து அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள்.

எனக்கு ஒட்டுவதற்கு நான்கு வாரம், அழுக்காக்குவதற்கு நான்கு மாதம். போர் விமானம் மட்டும்தான் செய்வேன். விமானி கால் வைத்து ஏறும் இடத்தில் வண்ணம் தேய்ந்திருக்க வேண்டும். புகைக்குழாய்க்குப் பின்னால் கரி படிந்திருக்க வேண்டும். எண்ணெய் கசிந்த கோடு கீழே வழியக் கூடாது. பறக்கும்போது காற்று இழுப்பதால் பின்பக்கமாக ஓட வேண்டும். கற்றுக்குட்டிகள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். நானும் இங்கேதான் மாட்டினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பிழைப்புக்கு நான் செயற்கைப் பல் செய்கிறேன். வெள்ளை வெளேரென்று பல் செய்து கொடுத்தால் பக்கத்துப் பல் காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்சம் பழுப்பு, ஓரத்தில் ஒரு மெல்லிய விரிசல், இதெல்லாம் சேர்த்தால்தான் வாய்க்குள் அது சொந்தப் பல்லாகும். ஆகவே புதியதைப் பழையதாக்குவதில் எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம் உண்டு என்று எழுதிக்கொள்ளலாம்.

அக்கா அறுவை சிகிச்சை அரங்கில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் போன பிறகு, "ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேன் பாப்பா" என்று இரண்டு பெட்டியோடு வந்தாள். ஆறு வருடம் ஆயிற்று. எனக்கு நாற்பத்தாறு வயது. அவளுக்கு இன்னும் பாப்பாதான்.

அவள் வந்த பிறகு வீடு மின்னியது. சுவிட்சுகளின் இடுக்கைக்கூடக் காது குடையும் பஞ்சால் துடைப்பாள். குறையாகச் சொல்லவில்லை, அப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கீழ்வீட்டுக்காரி சொல்வாள். என் பையைச் சுத்தம் செய்தாள், என் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தாள். பல் மருத்துவமனைகளுக்கு மருந்து கொண்டுவரும் ஒருவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தார். மூன்றாவது ஞாயிறு வரவில்லை.

"நான் பேசி அனுப்பிட்டேன் பாப்பா. இந்த வயசுல உனக்கு எதுக்குடி அந்தத் தலைவலி?" என்றாள் அக்கா, அவர் குடித்த கோப்பையைத் தேய்த்துக்கொண்டே.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதைக் குறித்துக்கொள்ள வேண்டாம்.

போன மாதம் அவளுக்குப் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். நானே கூட்டிப்போய், நானே சட்டம் தேர்ந்தெடுத்தேன். மறுநாள் வேலை முடிந்து வந்தபோது என் இரட்டை எஞ்சின் விமானம் சாப்பாட்டு மேசையில், ஒரு துண்டின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. மாதிரி விமானக் கண்காட்சிக்கு மூன்று நாள் இருந்தது. அழுக்கைப் பிடித்து நிறுத்தும் மேல்பூச்சை அன்று மாலைதான் அடிப்பதாக இருந்தேன்.

"கண்ணாடி போட்டதும்தான் தெரிஞ்சுது, எவ்வளவு அழுக்குடி அதுல. சோப்புத் தண்ணி போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டேன். பாரு, கடையில வாங்கின மாதிரி இருக்கு."

"நன்றிக்கா" என்றேன்.

மனதாரத்தான் சொன்னேன். கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிக்கூடப் பார்த்தேன். அது இருக்க வேண்டிய இடம் காலியாக, யாரோ துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

வாராவாரம் சனிக்கிழமை காலை பால்கனிக் கைப்பிடி துடைக்கும் நேரம். எங்களுடையது மூன்றாம் மாடி. அக்கா உடம்பின் மொத்த எடையையும் கம்பியில் சாய்த்து, வெளிப்பக்கம்வரை எட்டித் துடைப்பாள். "பாத்துக்கா" என்று ஆறு வருடமும் சொல்லியிருக்கிறேன். கீழ்வீட்டுக்காரியைக் கேட்டுப் பாருங்கள்.

போன சனிக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை அவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். கைப்பிடியைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டையைக் கழற்றி, விமானம் இருந்த அதே இடத்தில் செய்தித்தாள் விரித்துப் படுக்கவைத்தேன். அறுப்பது கால் மணி நேர வேலை. முழுவதும் அறுக்கவில்லை. ஆனால் அறுத்த இடம் மினுமினுத்தது. யார் பார்த்தாலும் புதிது என்று சொல்லிவிடுவார்கள். அதைப் பத்து வருடப் பழசாக்கித் திரும்ப மாட்ட மாலைவரை ஆனது. நல்ல நாள் அது. எனக்கே தெரியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் ஈரத்துணியோடு வந்தாள், நான் காபியோடு வந்தேன். பட்டைக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"என்னடி பாப்பா இது, துரு குறுக்கால ஓடியிருக்கு? தண்ணி கீழதான வழியும்?"

நேற்று நீங்கள் கேட்ட அதே கேள்வி. உங்களுக்கு அது தோன்ற நான்கு நாள் ஆனது. அவளுக்கு நான்கு நொடி.

அவள் சொன்னது சரி. இறக்கையில் ஓட்டுவதுபோலவே, காற்றின் திசையில் கோட்டை இழுத்துவிட்டிருக்கிறேன். படுத்திருந்த பட்டையில் அது தெரியவில்லை. பால்கனி பறப்பதில்லை என்பது கைக்கு மறந்துபோயிற்று. இன்னொன்றும் தோன்றியது: இத்தனை வருடத்தில் நான் செய்த ஒன்றை அக்கா நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"தள்ளி நில்லுக்கா" என்று சொல்ல நேரம் இருந்தது. அதை மறைக்கவில்லை.

"துடைச்சா போயிடும்க்கா" என்றேன்.

அவள் சாய்ந்தாள்.

நான் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. அழுக்கைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாதது அவள் சுபாவம். என் பங்கு கொஞ்சம் அழுக்கு மட்டும்தான்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று: அந்தப் பட்டையைச் சாட்சியமாக எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அதற்கும் மேல்பூச்சு அடிக்கவில்லை. உங்கள் ஆட்கள் யாரும் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.