உலகம்மாள் சொல்லாத பெயர்

நேற்று மாலை உறுதியான ஒரு செய்தி. விளாத்திகுளம் பக்கத்தில் பெண்கள் சேர்ந்து நடத்தும் சிறுதானியக் கம்பெனி, தங்களுக்கு இடம் கொடுத்த மனிதரின் பெயரைத் தங்கள் மாவுப் பையிலிருந்து எடுத்துவிட்டது. சொன்னவர் கம்பெனியின் தலைவி ஜெயக்கொடி. போனில் மறுபடியும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

நன்றி விழாவுக்கு வந்து நன்றி மறந்தவர்கள் கதையைச் சொல்கிறாரே என்று முன்வரிசையில் பார்க்கிறீர்கள்... கொஞ்சம் பொறுங்கள். சின்னக் கதைதான். காபி வருவதற்குள் முடிந்துவிடும்.

உரம் போடாத, மருந்து அடிக்காத மானாவாரிக் கம்பு, குதிரைவாலி. அதை மாவாக்கி, பிளாஸ்டிக் இல்லாமல் காகிதப் பையில் விற்கிறார்கள். முதலில் வைத்த பெயர் வேறொரு கம்பெனிக்கு ஏற்கெனவே பதிவாகியிருந்தது. புதுப் பெயர் வேண்டும். என்ன வைப்பது? அவர்கள் யோசிக்கவே இல்லை. மாவு மெஷின் வைக்க ஊரில் ஒருவரும் இடம் தராதபோது, வாடகை வாங்காமல் தன் செட்டை, ஒரு தகரக் கொட்டகையை, திறந்துவிட்டவர் சங்கரலிங்கம். "அவுக பேரையே வைப்போம்." எல்லோரும் கை தட்டினார்கள். பை அச்சாகி வந்தது: சங்கரலிங்கம் சிறுதானியம்.

கை தட்டாத ஓர் ஆள் உண்டு. யார்? உலகம்மாள். சந்தைக் கடை அவர் பொறுப்பு. அவர் கூவினால் சந்தையின் அந்தக் கோடியில் இருப்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். அவர்தான்... சங்கரலிங்கத்தின் மனைவி. வீட்டுக்காரர் பெயர் என்பதால் வெட்கப்படுகிறார் என்று மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

புதுப் பை சந்தைக்குப் போனது. மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. "எனக்குக் கால் வலி. இனி வேற ஆளப் போடுங்க" என்றார் உலகம்மாள். ஜெயக்கொடிக்குச் சந்தேகம். அடுத்த சந்தைக்குக் கூடவே போய், பின்னால் உட்கார்ந்துகொண்டார். ஒருவர் வந்தார்.

"எந்தக் கம்பெனி மாவும்மா?"

"பையில போட்டிருக்கு, பாருங்க."

"கண்ணாடி கொண்டாரல. நீங்க சொல்லுங்க."

"அது... அவுக பேரு."

"எவுக பேரு?"

உலகம்மாள் வாய் திறக்கவில்லை. வந்தவர் பையைக் கீழே வைத்தார். "பேரையே சொல்ல மாட்டேங்கிற சரக்க எப்படித் தாயி நம்பி வாங்குறது?" பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

கணவன் பெயரைச் சொல்லும் வழக்கம் அந்த வயதுப் பெண்களில் பலருக்கு இல்லை. உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். கை தட்டிய பெண்களுக்கும் தெரியும். தெரிந்தும்... ஒருவருக்கும் தோன்றவில்லை.

"மதினி, வலி கால்ல இல்ல. வாய்லதான?" என்றார் ஜெயக்கொடி. "இந்தக் காலத்துல இதெல்லாமா பாக்குறது? சொல்லிப் பழகுங்க."

"நீ உன் வீட்டுக்காரர வாடா போடாங்கிற. நான் ஏதாவது சொன்னனா? எனக்கு வரல, விடேன்." கீழே வைத்துவிட்டுப் போன பையை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னார்: "அவுகளுக்கு மரியாதன்னு வச்சீக. சந்தோசந்தான். ஆனா கூவி வித்தவள ஊமையாக்கிட்டீகளே."

இதைச் சங்கரலிங்கத்திடம் யார் சொல்வது? பயந்துகொண்டே எல்லோரும் போனார்கள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏத்தா, நான் எடம் கொடுத்தது பேருக்கா? இவ கூவலன்னா உங்க மாவு செட்டுலதான் கெடக்கும். எடுத்துருங்க. வேற பேர அவளையே வைக்கச் சொல்லுங்க."

உலகம்மாள் யோசித்தார். சங்கரலிங்கத்தின் செட் இருப்பது கண்மாயின் மேலக்கரையில். "மேலக்கரைன்னு வைங்க. மேலக்கரை எடம் யாருதுன்னு ஊருக்கே தெரியும்."

"இதையாவது சந்தைக்குக் கேக்குற மாதிரி சொல்வியா?" என்றார் சங்கரலிங்கம்.

சொன்னார். மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டதாம்.

இந்தக் கதையை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நன்றி சொல்ல ஒருவர் பெயரை உயரத்தில் எழுதுகிறோம். நல்லது, எழுத வேண்டும். ஆனால் அந்த நன்றியைத் தினமும் தூக்கிச் சுமக்கப்போவது யார்? அவரை ஒரு வார்த்தை கேட்டோமா? கொடுத்தவர் கை நமக்குத் தெரிகிறது. அதைக் கொண்டுசேர்த்தவர் குரல்... சில நேரம் நம் கைதட்டலில் அமுங்கிப்போகிறது. இன்று பொன்னாடை போர்த்தும்போது, போர்த்திக்கொள்பவருக்குப் பக்கத்தில் நிற்பவர் முகத்தையும் பாருங்கள். அவருக்கும் சேர்த்துத்தான் நம் நன்றி.

புதுப் பெயருக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. பதிவு இன்னும் கைக்கு வரவில்லை. தை மாதம் பதில் வரும் என்கிறார் ஜெயக்கொடி. அதுவரை பையில் பெயர் இருக்காது. சந்தையில் உலகம்மாள் சொல்லிக்கொண்டிருப்பார்.