அவிழ்த்து விட்ட மானாப்புல்

எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கோடியில் தகரம் படபடவென்று அடிபட்டபோது நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். யாராவது பள்ளத்தில் விழுந்துவிட்டால்தான் அந்தத் தகரத்தை அடிப்பார்கள். ஆறிவிடுமே என்று, குடித்து முடித்த பிறகுதான் எழுந்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

மானாப்புல்லை நீங்கள் ரயிலிலிருந்து பார்த்திருப்பீர்கள். பட்டிப்பொலப் பக்கத்து மலைகளில் குத்துக் குத்தாக, ஆள் உயரத்துக்கு நிற்கும். எத்தனை முறை அறுத்தாலும் அதே தூரிலிருந்து மறுபடி கிளம்பும். எங்கள் தேயிலைத் தோட்டத்து மாட்டுப்பட்டிகளுக்கெல்லாம் அதுதான் கூரை. ஆனால் பள்ளத்து விளிம்பில் வளரும் குத்துகள் வெளியே சாய்ந்து வெறும் காற்றை மூடிக்கொண்டு நிற்கும். பார்த்தால் தரை என்றே தோன்றும். அதனால் விளிம்புக் குத்துகளின் நுனியைச் சேர்த்து முடிச்சுப் போட்டு வைப்போம். முடிச்சைக் கண்டால் குழந்தைகூட அப்பால் கால் வைக்காது. புல் வளர வளர முடிச்சுப் போடுவது என் பொறுப்பு.

எங்களை வேலை வாங்கும் கங்காணி முத்துலிங்கம் நல்ல மனிதர் என்பார்கள். நானும் மறுக்கவில்லை. என் மகள் மீனம்மா காய்ச்சலில் கிடந்தபோது வாசலில் வந்து நின்றார்.

"காய்ச்சலா? ரெண்டு கூடை கொழுந்து எடுத்தா வேர்த்து எறங்கிரும். எந்திரிச்சு வா புள்ள, மகாராணிக்குப் பல்லக்கா அனுப்பணும்?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவள் எழுந்து போனாள். பொழுது சாய்வதற்குள் மலையிலேயே, முதுகில் கூடையோடு செத்துப்போனாள். பாடைக்கு மூங்கில் கொடுத்தது கங்காணிதான். அவர் அவளைத் தொடக்கூட இல்லை.

நானும் யாரையும் தொடவில்லை. முடிச்சுகளை அவிழ்த்தேன், புல் தானாக நிமிர்ந்துகொண்டது. தன் மாட்டுப்பட்டிக்குக் கூரை மாற்றக் கங்காணியே புல் அறுக்க வருவார் என்று நினைத்தேன், நேற்று அப்படித்தான் உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. கங்காணிகள் புல் அறுப்பதில்லை. அவர் வீட்டில் அரிவாள் பிடிப்பவள் மகள் பூரணி ஒருத்திதான். அது எனக்குத் தெரியும்.

பூரணிமேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, ஐயா. அவள் தகப்பனும் ஒரு மகளைப் புதைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்று காலையில் அவள் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "சின்னம்மா, முடிச்சு ஒண்ணையும் காணோமே. இங்கனயே அறுக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

காற்றில் அவள் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கி விட்டேன்.

"இங்க கட்டையா இருக்கு. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போம்மா, அங்கதான் நல்லா நீளமா இருக்கு."