ஏழாவது ஆள்

திருச்சியிலிருந்து இராமேசுவரம் வரைக்கும் ரயில் போகிற வழியெல்லாம் தேடினாலும் என்னைவிட நியாயமான மனிதன் ஒருவன் அகப்பட மாட்டான். இதைத் தற்பெருமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவன் தன் உயரத்தைச் சொல்வதில்லையா, அதுபோல ஒரு தகவல்.

ஊர் கீரனூருக்குப் பக்கம். புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் பி.ஏ. படிக்கிறேன், பாடத்தில் தர்க்கமும் உண்டு. எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தின் சடுகுடுக் குழுவுக்குப் போன வருஷத்திலிருந்து நான் செயலாளர். அந்தப் பதவி எனக்கு எப்படி வந்தது என்று சொன்னால் என் குணம் விளங்கிவிடும்.

எனக்கு முன்னால் ஆவுடையப்பன் என்பவர் இருந்தார். நெல் மில்லில் வேலை. குழுவுக்கு ஏழு பேர் வேண்டும். ஆறு பேரைப் பற்றிச் சண்டை வராது. ஏழாவது ஆளில்தான் ஊர் இரண்டுபடும். அதற்கு ஆவுடையப்பன் ஐயனார் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார். ஒரு பூவரச இலையில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் மடித்து வாழைநாரால் கட்டிச் சாமி முன்னால் போடுவது. விவரம் தெரியாத பிள்ளை ஒன்று வந்து எடுக்கும். எடுத்ததைப் பிரிப்பார்கள். எடுக்காததைப் பிரிக்காமலே ஊருணியில் விட்டுவிடுவார்கள். கிணறு வெட்டுவது, பெண் கொடுப்பது எல்லாம் எங்கள் ஊரில் இப்படித்தான் தீர்மானமாகும். வெள்ளை வந்தால் ஆவுடையப்பனின் மச்சினன் ஏழாவது ஆள். சிவப்பு வந்தால் வேறு யாராவது. சிவப்பு வந்ததே கிடையாது.

போன வருஷம் நான் ஊருணியில் இறங்கி, மிதந்துகொண்டிருந்த பொட்டலத்தை எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

"என்னண்ணே, நம்ம ஐயனாருக்குச் செவப்பு ஆகாதோ?" என்று மட்டும் கேட்டேன்.

ஊரே சிரித்தது. ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அங்கேயே என்னைச் செயலாளராக்கினார்கள். பூவிலும் நாரிலும் நியாயத்தைத் தேடுகிற காட்டுமிராண்டித்தனம் இன்றோடு ஒழிந்தது, இனி அறிவுதான் தீர்ப்புச் சொல்லும் என்று ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். கைதட்டினார்கள்.

இந்த வருஷம் திருச்சியில் பெரிய போட்டி. ரயில்வேக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், நன்றாக ஆடுகிறவனை வேலைக்கே எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. வழக்கம்போல ஏழாவது இடம் இழுபறி. இரண்டு பேர் மிச்சம். ஒருவன் ராக்கன், செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவன். தகப்பன் கிடையாது. தாய் பிச்சையம்மாளும் சின்னத் தங்கச்சி அழகியும் அவன் மிதிக்கிற மண்ணில்தான் சாப்பிட வேண்டும். இன்னொருவன் நான்.

செயலாளரே போட்டியில் நிற்கலாமா என்று கேட்பீர்கள். செயலாளன் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனை ஒதுக்கிவைப்பது அவனுக்குச் செய்கிற அநியாயம் இல்லையா?

ஊரறியப் பரீட்சை வைத்தேன். முதலில் நான் பாடிப் போனேன். எதிர்ப்பக்கம் நின்ற எங்கள் குழு ஆள் சோலையப்பன் என் கணுக்காலைப் பிடித்தான். பிடித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்தது ராக்கன். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடிப் போவதற்கு முன்னால் நடுக்கோட்டை ஒட்டி, எப்போதும் அதே இடத்தில், இடது காலால் ஓங்கி நாலு மிதி மிதிப்பான். சூளையில் வந்த பழக்கம். மிதித்துவிட்டுப் போனான், மூன்று பேரைத் தொட்டான், மடக்கிப் பிடித்த சோலையப்பனையும் இழுத்துக்கொண்டே கோட்டுக்குத் திரும்பினான்.

"இதுக்கு மேல என்னப்பா பரீட்ச? ராக்கனையே போட்டுருவோம்" என்றான் சோலையப்பன், முழங்கையில் மண்ணைத் தட்டிக்கொண்டு.

"ஒரு தடவ நடந்தத வச்சு முடிவு கட்டப்படாது. தர்க்கம் ஒத்துக்காது."

"அப்ப ஒன் தர்க்கத்தையும் பாடிப் போகச் சொல்லு. அது கணுக்காலயும் பிடிச்சுப் பாக்குறேன்."

மறுநாளும் பரீட்சை வைத்தேன். அதே முடிவு. ஆகவே என் வாயாலேயே ராக்கன் பெயரை அறிவித்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த கைதட்டல் ராக்கனுக்குக் கிடைத்ததைவிட அதிகம். அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒனக்கு வருத்தம் இல்லையே திருப்பதி?"

"நியாயம் நியாயந்தான். இதுல வருத்தம் எங்கிட்டு வருது?"

"வேல மட்டும் கெடச்சிரட்டும். ஒனக்கு நல்லதா ஒரு பேனா வாங்கித் தாரேன், பாரு."

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறுத்திற்று. ராக்கனுடைய கால் வருஷக்கணக்காக மண் மிதித்த கால். என்னுடையது பஸ் பலகையில் உட்கார்ந்த கால். இரண்டு கால்களையும் ஒரே களத்தில் விட்டுப் போட்டி என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? படித்த குற்றத்துக்காக என் கால் தண்டனை அனுபவிக்கிறது. போட்டி என்றால் இருவரும் சமமாகத் தொடங்க வேண்டும். என் காலை அவன் கால்போல ஆக்குவதற்கு அவகாசம் இல்லை. மிச்சம் இருந்த வழி ஒன்றுதான்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கலர் விற்கிற கடைக்குப் பின்னால் உடைந்த பாட்டில்கள் கிடக்கும். அடித்தூரோடு கூர்மையாக நின்ற ஒரு துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன். மத்தியான வெயிலில் களத்தில் ஆள் இருக்காது. நடுக்கோட்டை ஒட்டி, ராக்கன் மிதிக்கிற இடத்தில், கூரான பக்கம் மேலே இருக்கும்படி நட்டு, மேலாக மண் தூவினேன். சாயங்காலம் குழு முழுவதும் அந்தக் களத்தில் ஆடியது. மற்ற யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. சம்பந்தமில்லாதவர்களுக்குத் தீங்கு வரக் கூடாது என்பதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மிதியிலேயே ராக்கன் உட்கார்ந்துவிட்டான்.

அவனை வண்டியில் ஏற்றிக் கீரனூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான். வழி நெடுக அவன் காலை என் மடியில் வைத்து, என் சட்டையைக் கிழித்துச் சுற்றிப் பிடித்திருந்தேன். நல்ல சட்டை. உள்ளங்காலில் நரம்பு அறுந்துவிட்டது, இனிக் கால் ஊன்றினாலும் தாங்கித் தாங்கித்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பிச்சையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எந்தப் பாவி போட்டானோ தெரியலையே. நீ மட்டும் இல்லாட்டி எம்புள்ள ரெத்தம் போயே செத்திருப்பான்யா. நீ நல்லா இருக்கணும்."

"யாரும் வேணும்னு போட்டிருக்க மாட்டாங்க ஆத்தா" என்றேன். இயன்றவரை ஆறுதல் சொல்வது என் வழக்கம்.

திருச்சியில் ஏழாவது ஆளாக நான் ஆடினேன். பாடிப் போன முதல் தடவையே பிடித்துவிட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். மூட்டை கட்டும்போது ரயில்வேக்காரர் ஒருவர் வந்து, "உங்க ஊர்ல மண் மிதிக்கிற பையன் ஒருத்தன் பிரமாதமா ஆடுவானாமே, அவனைப் பார்க்கத்தான் வந்தோம், எங்கே?" என்று கேட்டார்.

"அவனுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லைங்க" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

ஊர் திரும்பியபோதுதான் சிக்கல். கண்ணாடியை வைத்தது ஆவுடையப்பன் என்று பேசிக்கொண்டார்கள். பதவி போன ஆத்திரமாம். நான் அப்படிச் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "சாட்சி இல்லாம அவரச் சொல்லப்படாது" என்றுதான் சொன்னேன். சாட்சி மட்டும்தான் பாக்கி என்று அவர்களாக எடுத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. மில்லில் ஆவுடையப்பனை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம்; அவர் குடும்பத்தை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் உட்கார்ந்து யோசித்தேன். கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னால் ஆவுடையப்பனுக்கு நியாயம். சொல்லாவிட்டால் என் தாய் தகப்பனுக்கும் என் படிப்புக்கும் நியாயம். ராக்கனுக்கு எப்படியும் கால் திரும்பப் போவதில்லை. இரண்டு தட்டும் நேராக நின்றன. இப்படிப்பட்ட இடத்தில் அறிவு மேற்கொண்டு ஒன்றும் சொல்வதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தன் சொந்த விஷயத்தில் தானே தீர்ப்புச் சொல்வதும் முறையல்ல. தவிர, ஊர் வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. படித்தவன் என்பதற்காக அதை அடியோடு தள்ளிவிடுவது அகம்பாவம்.

இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு ஐயனார் கோயிலுக்குப் போனேன். வெள்ளை வந்தால் ஊராரிடம் சொல்ல வேண்டாம், சிவப்பு வந்தால் சொல்லிவிட வேண்டும் என்று சாமியிடம் சொல்லிக்கொண்டேன். எங்கள் ஊராரிடம் என்று தெளிவாகவே சொன்னேன். ஆகவே உங்களிடம் சொல்வதற்குத் தடை இல்லை. எடுப்பதற்குப் பிள்ளை வேண்டுமே என்று பார்த்தேன். அண்ணன் காலுக்கு வேண்டிக்கொள்ள அழகி வந்திருந்தாள்.

"அழகி, இதுல ஒண்ண எடு."

கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்தாள். அவளே நாரை அவிழ்த்தாள்.

"வெள்ளப்பூண்ணே. நல்லதா?"

"நல்லதுதான் அழகி. ஐயனார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

"அண்ணனுக்கா?"

"எல்லாருக்குந்தான்."

அவள் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். மற்றப் பொட்டலத்தை வழக்கப்படி பிரிக்காமலே ஊருணியில் போட்டேன். அது மிதக்கவில்லை. பூவோடு ஒரு கல்லையும் வைத்துத்தான் கட்டியிருந்தேன்.