டாக்டர் கஸ்தூரி கொடுக்காத டானிக்

டாக்டர் கஸ்தூரி அவர்களின் இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நலச்சங்கத் தலைவர் சின்னசாமி அவர்களே, மேடையில் இருக்கும் சங்கச் செயலாளர் ராஜசேகரன் அவர்களே, ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் அம்பத்தூர் எஸ்டேட் தொழிலாளத் தாய்மார்களே, ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருக்கும் குடும்பத்தாரே, உங்கள் எல்லோருக்கும் என் கலங்கிய வணக்கம்.

நான் டாக்டர் வனஜா. மண்ணூர்பேட்டையில் பல் மருத்துவர் கஸ்தூரி அவர்களின் கிளினிக்கும் என்னுடைய கிளினிக்கும் ஒரே கட்டடத்தில், நடுவில் ஒரு தடுப்புச் சுவரோடு இருந்தன. அவர் ஒரு நோயாளியின் வாயைப் பார்த்துவிட்டு, "வனஜா, இந்தப் பொண்ணோட நாக்கைக் கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிடுவார். நாக்கு வெளுத்து வழவழவென்று இருக்கும். உதட்டோரம் வெடித்திருக்கும். பல்வலி என்று வந்த பெண்ணுக்கு இரத்தத்தைப் பரிசோதித்தால் இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருக்கும். எத்தனை பேரை அப்படி என்னிடம் அனுப்பினார்! இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அப்படி வந்தவர்கள்!

அவர் யாரையும் பயமுறுத்தியதில்லை. ஈறில் இரத்தம் வந்தால் உடனே சத்துக்குறைவு என்று சொல்லிவிட மாட்டார். முதலில் பல்லில் படிந்த காரையை எடுப்பார். அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால்தான், "என்ன சாப்பிடுறே?" என்று கேட்பார். நெல்லிக்காய், கொய்யாப்பழம் சாப்பிடச் சொல்வார். வாய்ப்புண்ணுக்குக் கீரையும் பாலும் முட்டையும், எலும்புக்கும் பல்லுக்கும் கேழ்வரகும் நெத்திலியும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று அவர் சொல்லித்தானே நமக்குத் தெரியும்?

சொன்னதோடு நின்றாரா? இந்தப் பெண்கள் காலையில் பழையதைக் குடித்துவிட்டு ஓடி, மதியம் கம்பெனி கேன்டீனில் வெறும் சோறும் தண்ணீர்ச் சாம்பாரும் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும், தையல் கம்பெனி மேனேஜரைப் போய்ப் பார்த்தார். ஒருமுறை அல்ல, அந்த மேனேஜர் சலித்துப்போகும்வரை. கடைசியில் கேன்டீனில் கீரை வந்தது, சுண்டல் வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது. அந்த ஆண்டில் உதட்டுப் புண்ணோடு வந்த பெண்கள் குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். மயக்கம், மூச்சு வாங்குதல், எல்லாமே குறைந்தது.

இதற்கு மேல் சொல்லப்போவது இரங்கல் கூட்டத்துக்கு ஏற்றதல்ல என்று சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும். இங்கே சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது?

போன வருடம் ஒரு சத்து டானிக் கம்பெனி நம் பகுதிக்கு வந்தது. வேலப்பன்சாவடி பஸ் நிறுத்தத்தில் கஸ்தூரி அவர்கள் ஒரு சுவரொட்டியைப் பார்த்தார். அதில் அவர் முகம், பக்கத்தில் அந்த டானிக் பாட்டில். இங்கே நடந்த இலவச மருத்துவ முகாமில் எடுத்த படத்தைக் கொடுத்தது யார்? அவரோடு சேர்ந்து அந்த முகாமைத் தொடங்கிய, அவர் தம்பியைப்போல் நம்பிய ராஜசேகரன் அவர்கள். மேடையில்தான் இருக்கிறார்.

அந்தச் சுவரொட்டியைக் காட்டி, தையல் கம்பெனி மேனேஜர் கீரையையும் சுண்டலையும் நிறுத்திவிட்டார். டாக்டரம்மாவே சொல்லிவிட்டார் என்று ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தார். அந்த டானிக் விஷமல்ல. ஆனால் அது சர்க்கரைப் பாகு. சோற்றுத் தட்டிலிருந்து போனதை அதனால் திருப்பித் தர முடியுமா?

நாகம்மா என்கிற பெண் அதை நம்பிக் குடித்துக்கொண்டிருந்தாள். களைப்பு அதிகமானபோதும் எங்களிடம் வரவில்லை. ஒருநாள் தையல் மிஷின்மேலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். கஸ்தூரி அவர்கள் ஓடிப்போய்க் கட்டில் பக்கத்தில் நின்றபோது அவள் சொன்னாள்: "நீங்க குடுத்ததுன்னு சொன்னாங்கம்மா. அதான் வுடாம குடிச்சேன்."

வெளியே நாகம்மாவின் அத்தை கெங்கம்மாள் நின்றிருந்தார். "இன்னா டாக்டரம்மா, நீயும் அவனுங்களோட சேந்துகினியா? உம்மூஞ்சியப் பாத்துதான அது குடிச்சிகினு இருந்துச்சு" என்றார்.

கஸ்தூரி அவர்கள் அங்கிருந்து நேராக ராஜசேகரன் வீட்டுக்குப் போனார். நானும் போனேன்.

"கம்பெனிக்காரன் முகாமுக்கு நாற்காலி தர்றான், மருந்து தர்றான். எல்லாம் நல்லதுக்குத்தாங்க்கா" என்றார் ராஜசேகரன்.

"என் மூஞ்சியக் குடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, தம்பி?"

அவர் பெண்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். சொல்லவில்லை. சுவரொட்டிகளைக் கஸ்தூரி அவர்களே கிழித்தார். மண்ணூர்பேட்டையில் வீடு வீடாகப் போய் நின்றார். சில வீடுகளில் கதவைத் திறக்கவே இல்லை. தான் வைத்தியம் பார்த்த வீட்டு வாசலிலிருந்தே அப்படித் திரும்பி வந்தாரே, அந்த முகத்தை நான் எப்படி மறப்பேன்?

நாகம்மா தேறும்வரை அவர் தினமும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனார். அதைப் பார்த்துத்தான் கெங்கம்மாள் மனம் மாறினார். "உம்மேல தப்பு இல்லன்னு எனுக்குத் தெரிஞ்சிபோச்சு. ஊருக்கு யாரு சொல்றது?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் கஸ்தூரி அவர்கள் அழுததைப் பார்த்தேன்.

இந்தத் துரோகம்தான் அவர் உயிரைக் கொண்டுபோனது என்று நான் சொல்ல மாட்டேன். நான் மருத்துவர். அவருக்கு இதய நோய் இருந்தது. ஆனால் நாகம்மா இன்றைக்கு நல்லபடியாக இந்த மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். கஸ்தூரி அவர்களோ, தான் செய்யாத காரியத்துக்கான கெட்ட பெயரோடு போய்விட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் வேலை நிற்காது. முகாம் இனி கெங்கம்மாள் வீட்டு வாசலில் நடக்கும். பல்லைப் பார்க்க மாங்காட்டிலிருந்து ஒரு மருத்துவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். நாளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல் கம்பெனி வாசலுக்குப் போகிறோம். பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீரையைத் திரும்பக் கேட்கப் போகிறோம்.

ராஜசேகரன் அவர்களே, அடுத்து நீங்கள் பேசுவதாக இருக்கிறது. இங்கே பேச வேண்டாம். நாளை அந்த வாசலுக்கு வாருங்கள். வேலை செய்யும் எல்லாப் பெண்களும் வெளியே வந்தபிறகு, டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் நான்தான் செய்தேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நீங்கள் சொல்லி முடித்தபிறகு நாங்கள் மௌன அஞ்சலி செலுத்துகிறோம். அதுவரை இந்தக் கூட்டம் முடியவில்லை.