செங்கோட்டை வாசலில் ஐஸ்

திண்டுக்கல்லிலிருந்து கொடைரோடு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவள் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னாள்:

"எங்கம்மாவ சுடுகாட்டுக்குத் தூக்குனப்ப, நான் டெல்லியில செங்கோட்டை வாசல்ல நின்னு ஐஸ் தின்னுக்கிட்டு இருந்தேன் மதினி."

"ஒந்தம்பி ஒரு வார்த்த சொல்லலையா?"

"டூர் போனவ ரயிலேறி வர மூணு நாளாகும், அம்புட்டு நாளு ஐஸ்பெட்டியில போட்டு வைக்க வேணாம்னு பெரியவுக சொல்லிட்டாக. சொன்னா, தெரியாத ஊர்ல கெடந்து அழுவாளேன்னு தம்பியும் விட்டுட்டான்."

"நீயாச்சும் போன் பண்ணிருக்கலாம்ல?"

"அன்னிக்குக் காலையில தம்பிக்கு குதுப்மினார் போட்டோ அனுப்புனேன். அம்மாவுக்குக் காட்டுடா, எம்புட்டு ஒசரம்னு பாக்கட்டும்னேன். காட்டிட்டேன்க்கான்னான்."

"பொய் சொல்லிருக்கான் பாரு."

கண்டக்டர் சில்லறை கேட்டு வந்து போனார். அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பொய்யில்ல மதினி. ஐஸ்பெட்டிக் கண்ணாடிக்கு நேரா போனப் பிடிச்சு, 'இந்தாம்மா, அக்கா அனுப்பியிருக்கு'ன்னு காட்டுனானாம். அது பாத்து முடிக்கட்டும்னு கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சிருந்தானாம்."