தங்கமீன்கள் முட்டையிட்ட வெள்ளிக்கிழமை

தங்கமீனுக்கு மனிதர்கள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். கையில் வந்துகூடத் தீனி தின்னும். முட்டையிடும் நேரத்தில் மட்டும் ஆள் நிழல் ஆகாது. இது புரிந்துவிட்டால் மற்றதும் உங்களுக்குப் புரியும், சார்.

நான் சொரிமுத்து. தாராவியில் பை தைக்கும் ஒர்க்ஷாப்பில் கட்டிங் மாஸ்டர். கீழ் அறையில் நானும் என் மனைவி மாரிசெல்வியும் இருந்தோம். வெளியே இரும்பு ஏணி ஏறினால் தகரக் கதவு போட்ட மாடி அறை. அங்கேதான் நான்கு தொட்டிகளில் மீன் வளர்த்தேன்.

மூன்று முறை தோற்றேன். முதல் முறை முட்டையெல்லாம் வெள்ளையாகப் பூசணம் பிடித்தது. அடுத்த முறை டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் பெற்ற மீன்களே தின்றுவிட்டன. மூன்றாவது முறை மாரிசெல்வி மேலே வந்து டியூப்லைட்டைப் போட்டாள். மீன்கள் சிதறி அடியில் ஒதுங்கின. "இதுக்கா விடிய விடிய உக்காந்திருக்கீய?" என்று சிரித்தாள். நான் கோபப்படவில்லை.

அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. தொட்டிகளின் ஈரம் ஆகாது என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். செவ்வாய்க்கிழமை அவள், "ஞாயித்துக்கிழம செம்பூர் மீன்கடைக்காரரு வந்து தொட்டிய எடுத்துட்டுப் போவாரு. நான் பேசிட்டேன்" என்றாள்.

"ஒரு வாரம் பொறு" என்றேன்.

"மூச்சு என்ன ஒரு வாரம் பொறுக்குமா?"

நியாயமான கேள்வி.

வியாழன் மாலை பெண் மீனின் வயிறு ஒரு பக்கமாகப் பிதுங்கி மெத்தென்று இருந்தது. ஆண் மீன்களின் செவுள் மூடியில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன். முட்டை ஒட்டிக்கொள்ள நைலான் கயிற்றைப் பிரித்துப் போட்டேன். அன்று சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் ஏணி ஏறத் தோன்றியது. பதினோரு தடவை ஏறி இறங்கினேன் என்று பக்கத்து வீட்டு சாயிரா சொல்லியிருக்கிறாள். இருக்கும்.

வெள்ளி விடிகாலை நாலரைக்கு மேலே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். ஐந்து மணிக்குத் தொடங்கியது. ஆண் மீன்கள் அவளை விரட்டி விரட்டி வயிற்றில் முட்டின. தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. கடுகளவு முட்டைகள், கண்ணாடி மாதிரி, கயிறு முழுக்க ஒட்டின. நான் மூச்சுவிடவும் பயந்தேன்.

அப்போது ஏணியில் சத்தம். இரண்டு படி, நிறுத்தம். இரண்டு படி, நிறுத்தம். பிறகு மாரிசெல்வி கதவைத் தட்டினாள்.

"அரை மணி நேரம் பொறு" என்று மெதுவாகச் சொன்னேன். உரக்கப் பேசினால் மீன் கலையும்.

பத்து நிமிஷம் தட்டினாள் என்கிறாள் சாயிரா. நான் கதவைப் பழுதுபார்க்கிறேன் என்று நினைத்தாளாம். எனக்கு ஏழெட்டு நிமிஷம் போலத்தான் பட்டது. தட்டல் நின்றதும் இறங்கிப் போய்விட்டாள் என்று எண்ணினேன். இல்லை, உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள். இறங்கும் சத்தம் கேட்கவில்லை.

முட்டையிட்டு முடிந்ததும் பெரிய மீன்களை உடனே பிரித்துவிட வேண்டும். ஒவ்வொன்றாக வலையில் அள்ளி மாற்றினேன். அதற்குள் சாயிரா தண்ணீர் பிடிக்க வந்து கீழிருந்து கூப்பிட்டாள். "அண்ணே, மைனி ஏணியில கெடக்காவ." கதவைத் திறந்து பார்த்தபோது அவளுக்கு மூச்சு நின்றிருந்தது.

உங்கள் ஸ்டேஷனில் இன்று மூன்றாம் நாள். குஞ்சு பொரிந்திருக்கும். இரண்டு நாள் தீனி வேண்டாம். பிறகு அவித்த மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிய வேண்டும். சாயிராவிடம் யாராவது சொல்லுங்கள்.

மாரிசெல்வி மூச்சுக்கு இழுக்கும் பம்பை வியாழன் இரவு தலையணைக்கடியிலிருந்து எடுத்தது நான்தான். அது இருந்தால் தெம்பு வந்து மேலே ஏறி வருவாள், விளக்கைப் போடுவாள். இல்லாவிட்டால் கீழேயே படுத்திருப்பாள் என்று நினைத்தேன்.

கதவுக்கு வெளியே என்ன சொன்னாள் என்று இரண்டு முறை கேட்டீர்கள். "பம்பு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அது என் சட்டைப்பையில் இருந்தது. என் இரண்டு கையும் ஈரமாக இருந்தன, சார். அதனால் எடுக்கவில்லை.