பேன்ட்டுக்கு வந்த இடுப்பு

ப்ளவுஸ் தைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டேப்பை இறுக்கிப் பிடித்துத்தான் அளவெடுப்போம். ப்ளவுஸ் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் தைக்கக் கொடுத்தவள் வாசலிலேயே முகத்தைச் சுளிப்பாள். அந்தமானில் எங்கள் ஜங்லிகாட்டில் நான் தைத்த ப்ளவுஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்ல வேண்டியிருந்தது.

பேன்ட் தைத்தே தீருவேன் என்று ஆனது மாடி வீட்டு வைஜெயந்தி அக்காவால். மாயாபந்தரில் இருக்கும் என் நாத்தனார் சொர்ணம்மா மகளுக்குக் கல்யாணம். அக்கா மாப்பிள்ளைக்குச் சித்தி முறை. கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று என் அண்ணன் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஒரு பேன்ட் துணி கொண்டுவந்து என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தார். நல்ல சாம்பல் நிறம். அதை நானே தைக்கப் போகிறேன் என்றதும் அக்கா சிரித்தாள்.

“ப்ளவுஸ் வேற, பேன்ட் வேற ஜெயமணி. சும்மா ஜித் பண்ணாத. பஜார்ல டெய்லர்கிட்ட குடுத்துடு.”

அதுவரைக்கும் எனக்குப் பிடிவாதம் இல்லை. அவள் சொன்ன பிறகுதான் வந்தது.

என் வீட்டுக்காரர் முத்துகிருஷ்ணன் ஹார்டுவேர் கடையில் வேலை செய்கிறவர். சாது. டேப்பைச் சுற்றியதும் தொப்பையைக் காட்ட வெட்கப்பட்டு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் என் வழக்கப்படி இறுக்கினேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து இல்லாத ஓர் இடுப்பை அளந்து முடித்தோம்.

விவரம் தெரிந்த டெய்லர் பேன்ட்டின் பின்தையலுக்குள் கொஞ்சம் துணி விட்டுவைப்பான். பிறகு பிரித்துப் பெரிதாக்கலாம். எனக்கும் இது தெரியும். ஆனால் வைஜெயந்தி அக்கா எதையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்கிற ரகம். உள்ளேயும் அழகாக இருக்கட்டும் என்று அந்தத் துணியை ஒட்ட நறுக்கி, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்துவிட்டேன். பெரிய தொழில்காரி இல்லையா நான்.

போட்டுப் பார்த்தபோது கால் இரண்டும் ஒழுங்காகத்தான் இறங்கின. இடுப்பில் ஹூக்கும் அதை மாட்ட வேண்டிய இடமும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி எட்ட நின்றன. அளவு தப்பிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாடிப்படியில் அக்கா இறங்கி வரும் சத்தம் கேட்டது.

“என்னங்க இது, அளவெடுத்ததுக்கப்புறம் இப்படி வயிறு போட்டுட்டீங்க?”

“அப்படியா ஜெயா? கடையில சமோசா கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் போயிடுச்சு,” என்றார், தப்பு செய்தவர் மாதிரி.

பேன்ட்டை மனிதருக்குத் தக்கபடி மாற்ற வழியில்லை. மனிதரைப் பேன்ட்டுக்குத் தக்கபடி மாற்றலாம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அவருக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. உடம்பு குறைந்தால் நல்லது என்று டாக்டரே சொல்லியிருந்தார். மாத்திரை போட்டுவிட்டு வயிற்றைக் காயப்போடாதீர்கள் என்றும் சொல்லியிருந்தார். எனக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொண்டேன்.

ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். மீன் வறுவல் வாசம் வீட்டை விட்டே போனது. காலையில் வைக்கிற இட்லி எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. அவர் வைத்ததைத் தின்றுவிட்டுக் கடைக்குப் போனார். கடையில் ஏணியில் நிற்கும்போது கண் இருட்டுகிறது என்றார். வெயில் என்றேன். கை நடுங்குகிறது என்றார். வயசு என்றேன். மாத்திரையை மட்டும் ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போட்டுப் பார்ப்போம். இடைவெளி குறையக் குறைய எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவர் கன்னம் ஒட்டிப்போனதையும் கவனித்தேன். ஹூக்கைப் பார்த்த பிறகு கவனித்தேன்.

கல்யாணத்தன்று காலையில், சொர்ணம்மா வீட்டில், ஹூக் மாட்டிவிட்டது.

“வேட்டியே கட்டிக்கிறேனே ஜெயா. பசிக்குது. ரெண்டு இட்லி தின்னுக்கறேன்.”

“இட்லி உள்ள போனா ஹூக் தெறிச்சிடும். தாலி கட்டி முடியட்டும்,” என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்தேன். தண்ணீரும் கொடுத்தேன், அரை டம்ளர். சொர்ணம்மா விசாரித்தபோது உன் அண்ணன் சாப்பிட்டாயிற்று என்றேன்.

மண்டபத்தில் வைஜெயந்தி அக்கா அவரை முன்னாலும் பின்னாலும் பார்த்தாள். “அரே, ஃபிட்டிங் நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பா பேசிட்டேன் ஜெயமணி,” என்றாள். என் ஆயுசில் அதைவிட இனிப்பான பேச்சைக் கேட்டதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

தாலி ஏறியபோது அவர் நாற்காலியில் சரிந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை. பேச்சு குழறியது. என்னை அம்மா என்று கூப்பிட்டார். சொர்ணம்மாவும் சர்க்கரைக்காரி, பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சமையல்கட்டிலிருந்து ஒரு டம்ளர் பாயசத்தோடு ஓடிவந்தாள்.

“சுகர் இறங்கிடுச்சு போல இருக்கு அண்ணி. காலைல சாப்பிட்டாருல்ல?”

அவர் டம்ளரைப் பார்த்து வாயைத் திறந்தார். பக்கத்தில் வைஜெயந்தி அக்கா நின்றிருந்தாள். சாப்பிடவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் பேன்ட் வரும். பேன்ட் வந்தால் என் அளவு வரும்.

“நல்லா சாப்பிட்டார். சுகர்காரருக்குப் போய் பாயசமா? எடுத்துட்டுப் போ.”

டம்ளரை என் கையால்தான் தள்ளினேன். அப்புறம் அவருக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் குத்திப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதற்குள் மூளை ரொம்ப நேரம் பட்டினி கிடந்துவிட்டதாம். இப்போது ஊருக்குக் கொண்டுவந்துவிட்டோம். கண் திறக்கிறார். நான் யார் என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறேன். அவர் மேல் எனக்கு உயிர்.

இன்ஸ்பெக்டர் ஐயா, அவருக்கு இந்தக் கதி எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அவரைப் பட்டினி போட்டவள் நான். பாயசத்தைத் தட்டிவிட்டவளும் நான். தெரிந்துதான் செய்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி அவசரத்தில் அந்தப் பேன்ட்டைக் கத்தரியால் வெட்டித்தான் கழற்றினார்கள். துணியைக் கேட்டு வாங்கி வந்தேன். வலிப்பில் உடம்பு அத்தனை முறுக்கியும் தையல் ஓரிடத்திலும் விடவில்லை. மாடிக்கு எடுத்துப் போய் வைஜெயந்தி அக்காவிடம் காட்டினேன். அவள் எதற்காக அப்படி அழுதாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.